மூன்று நாள் நாட்குறிப்பு

சென்ட்ரலுக்கு ரயிலில் வந்திருப்பவர்கள் எவருக்கும் பேசின் பிரிட்ஜ் நினைவிருக்கும். பெட்டியை இறக்கி வாசலருகே வைத்துக்கொண்டு, இதோ வந்துவிட்டது என்று நிற்கையில் வண்டி நின்றுவிடும். பத்து நிமிடமோ அரை மணியோ, சிக்னல் விழும்வரை அசையாது. எங்களுக்கு அது சொந்த ஊர். பேசின் பிரிட்ஜுக்கும் புளியந்தோப்புக்கும் நடுவிலிருந்த வாரியக் குடியிருப்பொன்றின் மூன்றாம் மாடியில்தான் அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் வளர்ந்தோம். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்ரயிலில் திரும்பும்போது, கொருக்குப்பேட்டை தாண்டியதும் வண்டி நிற்கும். பையிலிருந்து சிற்றிதழை எடுப்போம். எத்தனையோ கதைகளை அந்தச் சிக்னலில் படித்து முடித்திருக்கிறோம். எதிர் இருக்கையில் அம்மா தொடைகளை இறுக்கிக்கொண்டு, முந்தானையை மடியில் பந்தாகச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூட்டத்தில் புழுக்கம் தாளவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வோம்.

அந்த மின்ரயில்களில் கழிவறை கிடையாது. பேசின் பிரிட்ஜ் பணிமனையிலோ நெடுந்தூர வண்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கழிவறைகளுடன் பெட்டிகள் வரிசையாகக் காலியாக நிற்கும். அம்மா சன்னல் வழியே அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். இதையெல்லாம் பின்னால் யோசித்துத்தான் அறிந்தோம்.

வெள்ளிக்கிழமைதோறும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போவது அம்மாவின் வழக்கம். காலை இட்லி வியாபாரம் முடிந்து, குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். 2006 வாக்கில் அது குறைந்தது, பிறகு நின்றேபோனது. கேட்டால் முட்டி வலி என்றாள். மூன்று மாடி ஏறி இறங்குகிறவளுக்கு முட்டி வலிப்பதில் என்ன ஆச்சரியம்? நாங்கள் நம்பினோம். கல்யாணங்களுக்குப் போவதையும் விட்டாள். வீட்டில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவாள். வயதாக ஆக இறுகிப்போகிறாள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வெளிவந்து சர்ச்சையானபோது, பெண் தன் உடலை எழுதுவதற்குள்ள உரிமையைக் குறித்து நண்பர்களிடம் தொண்டை வறளப் பேசியவர்கள் நாங்கள். அந்த உரிமையில் இன்றும் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் எங்களைப் பெற்ற உடல் பத்தடி தூரத்தில் என்ன பாடுபடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு எங்களிடம் ஒரு சொல்லும் இருந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

2013 மழைக்காலத்தில் விஷயம் வெளிப்பட்டது. அம்மாவுக்கு நாள்பட்ட வறட்டு இருமல் இருந்தது. ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு, பால்கனியில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்த துண்டுகளை, காய்கிற பாவாடைக்கு உட்புறமாக மறைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவளை, கைக்குழந்தையோடு பிறந்தகம் வந்திருந்த சின்னவள் பார்த்துவிட்டாள். எங்களில் யார் கேட்டோம் என்பது இப்போது நினைவில்லை. பதில் மட்டும் நினைவிருக்கிறது.

“இருமுனா நனைஞ்சிடுதுடி. சிரிச்சாகூடத்தான்.”

“எத்தினி வருசமா?”

“சின்னவ பொறந்ததுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா இருக்குது. இப்பதான் ஜாஸ்தி. ஈரத்தோட எப்படிடி கோயிலுக்குப் போறது?”

சின்னவள் ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவள். வடசென்னையில் பாதிப்பேர் அங்கே பிறந்தவர்கள்தாம். முப்பது வருடம் அம்மா இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். நாங்கள் வாயெடுப்பதற்குள் ‘நாலஞ்சு பிள்ளை பெத்தா இப்படித்தாம்மா, வயசாகுதில்ல’ என்று சொல்லி சத்து மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டார் அங்கிருந்தவர். அம்மா பெற்றது எங்கள் இருவரை மட்டுமே. அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இனி இதைப் பற்றிப் பேச வேண்டாமே என்கிற நிம்மதி. நாங்கள் விடவில்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் மகளிர் பிரிவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம்.

அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் கருவி எதையும் தொடவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். “இருமும்போதே வந்துடுதாம்மா, இல்ல அவசரமா வந்து பாத்ரூமுக்கு ஓடுறதுக்குள்ள வந்துடுதா?”

சோதனைகளில் முதலாவது இந்தக் கேள்விதான் என்பது பிற்பாடு நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தபோது விளங்கியது. இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல் ஆகியவற்றின்போது கசிந்தால் ஒரு வகை. அடக்கமுடியாத அவசரம் வந்து, போய்ச் சேர்வதற்குள் கசிந்தால் வேறு வகை. இரண்டும் கலந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றேயல்ல. அடுத்த கேள்வி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது. அம்மா முந்தானை முடிச்சிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக் காட்டினாள். எனலாப்ரில். அந்த மருந்து சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும் என்றார் மருத்துவர். கசிவுக்கு வைத்தியம் தேடி வந்த இடத்தில், கசிவைத் தூண்டும் இருமலுக்கு மூலம் மாத்திரை அட்டையில் இருந்தது. மாற்றி எழுதிக்கொடுத்தார். நோய்த்தொற்று உண்டா, சர்க்கரை உண்டா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதினார்.

சீட்டில் ‘ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்’ என்று எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். வெளியே வந்து அதைப் படித்த நாங்கள் கலங்கிப்போனோம். அம்மாவுக்கு அப்படியென்ன மன உளைச்சல் என்று பழைய சண்டைகளையெல்லாம் தோண்டத் தொடங்கிவிட்டோம். இங்கே ‘ஸ்ட்ரெஸ்’ என்பது மனத்தின் பாரத்தைக் குறிப்பதன்று. வயிற்றுக்குள் எழும் அழுத்தத்தைக் குறிப்பது. இடுப்பெலும்பின் அடியில் தசைகளும் இழைகளும் சேர்ந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் மூன்றையும் தாங்குகின்றன. 1994இல் அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்சி இந்தத் தாங்கலைத் தொங்குபடுக்கைக்கு ஒப்பிட்டார். நமக்குத் தூளி என்றால் உடனே புரியும். தூளி இறுக்கமாக இருந்தால், இருமும்போது மேலிருந்து வரும் அழுத்தம் சிறுநீர்க்குழாயை அதன்மேல் நசுக்கி மூடிவிடுகிறது. தூளி தளர்ந்துபோனால் குழாய் மூடுவதில்லை. தண்ணீர் போகிற ரப்பர் குழாயைச் சிமெண்டுத் தரையில் வைத்து மிதித்தால் நீர் நிற்கும். சேற்றில் வைத்து மிதித்தால் நிற்காது. லாரித் தண்ணீர் பிடித்த எங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

மருத்துவர் கேட்ட அடுத்த சோதனை எங்களைத் திகைக்கவைத்தது. நாட்குறிப்பு. மூன்று நாளைக்கு, குடிப்பது எவ்வளவு, கழிப்பது எவ்வளவு, கசிவது எப்போது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று நேரம் போட்டு எழுதிவர வேண்டும். வேலைநாளும் ஓய்வுநாளும் அதில் இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். ஆகவே நாங்கள் எழுதினோம், முறைவைத்து, நாற்பது பக்க நோட்டொன்றில். அளவுக்குச் சின்னவளின் குழந்தையுடைய பால்புட்டி உதவியது. அதன் கோடுகளைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி, பழைய பிளாஸ்டிக் மக்கு ஒன்றில் நூறு நூறு மில்லியாக நகப்பூச்சால் கோடு போட்டோம்.

பிறருடைய நாட்குறிப்புகளை அச்சில் ஆர்வமாகப் படித்திருக்கிறோம். எங்கள் அம்மாவின் வாழ்நாளில் எழுதப்பட்ட ஒரே நாட்குறிப்பு இதுதான். முதல் பக்கத்தைச் சுருக்கித் தருகிறோம். காலை 4.30: எழுந்தது, 200 மில்லி. 4.45: டீ, அரைக் குவளை. 5.10: அடிபம்பு, கசிவு. 5.25: குடத்தோடு இரண்டாம் மாடித் திருப்பம், கசிவு. 6.00: கடைக்குப் போகுமுன் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போனது, 80 மில்லி. அதன்பிறகு பதினொரு மணிவரை குடித்த பத்தியில் ஒன்றுமில்லை. ஐந்து மணிநேரம், கொதிக்கிற இட்லிக் குண்டானுக்கு எதிரில், ஒரு வாய்த் தண்ணீரில்லை.

முதல் நாள் அவள் குடித்தது மொத்தம் எழுநூறு மில்லி. சென்னை வெயிலில் உழைக்கிற ஓர் உடலுக்கு அது எம்மாத்திரம்? கசியும் என்கிற பயத்தில் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். ‘எதற்கும்’ என்று பத்துமுறை போய்வந்துகொண்டிருந்தாள். வருடக்கணக்கில் நாங்கள் முட்டி வலி, கோபம், தலைவலி, மலச்சிக்கல் என்று தனித்தனியாகப் பார்த்தவை, நோட்டில் ஒரே வரிசையில் வந்து நின்றன.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை 6.40க்கு எதிரே கசிவு என்றும், ‘என்ன செய்தபோது’ என்கிற பத்தியில் ‘சிரித்தபோது’ என்றும் சின்னவளின் கையெழுத்தில் இருக்கிறது. குழந்தை, தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தவழ்ந்தது. மூன்று நாளிலும் வேறெங்கும் ‘சிரித்தபோது’ இல்லை. கசிவில்லாமல் அம்மா சிரித்ததில்லை என்பதால், மூன்று நாளில் அவள் ஒருமுறைதான் சிரித்திருக்கிறாள் என்றும் படிக்கலாம். நோட்டை மூடிவிட்டு நெடுநேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

அடுத்த முறை போனபோது இருமல் சோதனை. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். எனவே தண்ணீர் குடித்துக் காத்திருக்கச் சொன்னார்கள். படுக்கவைத்தும், தேவைப்பட்டால் நிற்கவைத்தும், பலமாக இருமச் சொல்லி, மருத்துவர் தம் கண்ணால் பார்ப்பார். இருமிய அதே கணத்தில் கசிந்து அதோடு நின்றால், அது அழுத்தக் கசிவு. சில நொடிகள் கழித்துத் தொடங்கி நிற்காமல் வந்தால், இருமல் தூண்டியதில் சிறுநீர்ப்பையே சுருங்கியிருக்கலாம். அது வேறு நோய். ஒரு நொடியின் முன்பின்னில் நோயின் பெயர் மாறிவிடுகிறது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

செலவு வேறுவிதமானது. அந்த அறையில் ஒரு திரை இருந்தது, முழுவதும் மூடவில்லை. மாணவர்கள் ஆறேழு பேர் நின்றார்கள். இருமச் சொன்னால் அம்மா இருமவில்லை, தொண்டையைச் செருமினாள். மறுபடி சொன்னார்கள், மறுபடியும் செருமினாள். கசிவே இல்லை என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த மருத்துவர் மாணவர்களை வெளியே அனுப்பினார். எங்கள் இருவரையும் திரையின் இரண்டு ஓரங்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அம்மாவின் தோளில் கை வைத்து, “வீட்ல இருமுற மாதிரி இருமுங்கம்மா, நான் துடைச்சிக்கிறேன்” என்றார். அம்மா இருமினாள். அந்த ஒரு இருமலில் கேள்விக்குறி நீங்கியது. திரைக்கு இப்பால் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற எங்களுக்கு அழுகை வந்தது.

பிறகு உள்பரிசோதனை. உறுப்பு எதுவும் கீழிறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். அடக்குகிற தசையை விரலைச் சுற்றி இறுக்கச் சொன்னார். அதற்குச் சுழியத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண் உண்டாம். அம்மாவுக்கு இரண்டு. “ஸ்கூலுக்கே போவாத எனக்கு இப்ப மார்க்கா?” என்றாள். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். மிச்சம் அதிகமாக நின்றால், நிரம்பி வழிவதும் கசிவு போலவே தோன்றும் என்பதால் இந்தச் சோதனை. அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை.

எவ்வளவு கசிகிறது என்று அளக்க, அணையாடையை எடைபோடும் சோதனை ஒன்று உண்டு. ஐ.சி.எஸ். என்னும் சர்வதேச அமைப்பு 1980களில் வகுத்தது. எடைபோட்ட அணையாடையை வைத்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீரைக் கால்மணிக்குள் குடித்து, அரைமணி நடந்து, படியேறி இறங்கி, பத்துமுறை உட்கார்ந்து எழுந்து, பத்துமுறை இருமி, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடி, ஐந்துமுறை குனிந்து தரையிலிருந்து எதையாவது எடுத்து, கடைசியாக ஓடுகிற நீரில் ஒரு நிமிடம் கை கழுவ வேண்டும். பின்பு மறுபடி எடை. வியர்வைக்கும் தராசின் பிசகுக்குமாக ஒரு கிராம்வரை விட்டுவிடுவார்கள். கிராம் காட்டும் தராசு அந்தப் பிரிவில் இல்லாததால், வீட்டில் செய்துபார்க்க முடியுமா என்று மருத்துவர் கேட்டார். கேக் செய்வதற்கு வாங்கிய மின்தராசு எங்களில் ஒருத்தியிடம் இருந்தது.

பட்டியலை வாசிக்க வாசிக்க அம்மா, “இதைத்தானே தினம் செய்றேன்” என்றாள். உண்மைதான். எங்கோ ஒரு குழு உட்கார்ந்து வகுத்த சோதனை, பேசின் பிரிட்ஜில் ஒரு பெண்ணின் காலைப்பொழுதாக இருந்தது. ஒன்று மட்டும் இடித்தது. ஓடுகிற நீர் எங்கள் குடியிருப்பில் கிடையாது. குடத்திலிருந்து மக்கால் மொண்டு ஒருத்தி ஊற்ற, ஒருத்தி கடிகாரம் பார்த்தோம். எடை பதினொரு கிராம் கூடியிருந்தது.

இவை தவிர யூரோடைனமிக்ஸ் என்கிற பெரிய சோதனையும் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், மலக்குடலில் இன்னொன்று. நீரை நிரப்பிக்கொண்டே இரண்டிடத்து அழுத்தங்களையும் கழித்துப் பார்த்து, பை தானாகச் சுருங்குகிறதா என்று அறிகிறார்கள். நாங்கள் வற்புறுத்திக் கேட்டோம். நம்மவர்களுக்கு இயந்திரம் பார்த்தால்தானே பார்த்ததாகும். மருத்துவர் தேவையில்லை என்றுவிட்டார். ஏழைகளென்று தட்டிக்கழிக்கிறாரோ என்றுகூட நினைத்தோம். அப்படியல்ல என்று பின்னர் அறிந்தோம். முந்தைய ஆண்டு, 2012இல், அமெரிக்காவில் 630 பெண்களிடம் நடந்த ஆய்வொன்று வெளியாகியிருந்தது. எல்லோரும் அறுவைக்குக் காத்திருந்தவர்கள். இருமல் சோதனையிலேயே அழுத்தக் கசிவு உறுதியானவர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு யூரோடைனமிக்ஸும் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், அந்தச் சோதனை செய்துகொண்டவர்களில் 76.9 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 77.2 சதவீதத்தினருக்கும் வைத்தியம் பலித்திருந்தது. வித்தியாசமில்லை. கலப்பு வகை, முன்பே அறுவை நடந்து பயனளிக்காதவர், பையில் மிச்சம் நிற்பவர் போன்ற சிக்கலான நிலைகளில் அந்த இயந்திரத்துக்கு வேலை உண்டு. எளிய நிலையில் ஒரு கேள்வியும் ஒரு நோட்டும் ஒரு இருமலும் போதும்.

சோதனைகளுக்கும் ஆயுள் உண்டு. லண்டன் மருத்துவர் விக்டர் போனி 1923இல் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் சோதனையில் விரல்களால் சிறுநீர்ப்பையின் கழுத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். கசிவு நின்றால் அறுவை பலிக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். விரல் குழாயையே நசுக்கித்தான் கசிவை நிறுத்துகிறது என்று பிறகு கண்டு, அதைக் கைவிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதியது நிலைத்துவிட்டது. தசையின் இறுக்கத்தைக் காட்டும் கருவியொன்றை அமைத்து, அதே தசையைப் பழக்கினால் கசிவு குறையும் என்றார் அவர்.

அம்மாவுக்குக் கிடைத்த வைத்தியமும் அதுதான். எட்டுமுறை இறுக்கித் தளர்த்துவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். குடத்தைப் பாதி நிரப்பித் தூக்க வேண்டும். இருமல் வருமுன்பே இறுக்கிக்கொள்ள வேண்டும். அறுவை பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார் மருத்துவர். மூன்று மாதம் கழித்துத் தராசு நான்கு கிராம் காட்டியது. முற்றிலும் நிற்கவில்லை. குடத்தைப் பாதி நிரப்பினால் இரண்டு நடை அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நடைகளை யார் நடப்பது என்று எந்தச் சோதனையும் கேட்பதில்லை. கடைசியில் நாங்கள் நடந்தோம், வீட்டிலிருந்த நாட்களில்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்மா, “வடிவுடையாளைப் பார்த்து எத்தினி நாளாச்சு” என்றாள். மூவருமாகப் போனோம். பிரகாரத்தில் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது வழக்கம்போலக் கொருக்குப்பேட்டை தாண்டி வண்டி நின்றது. நாங்கள் புத்தகம் எடுக்கவில்லை. எதிரே நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், மீன்கூடையைக் காலருகே வைத்துக்கொண்டு, தும்மல் வரும்போதெல்லாம் ஒரு காலைத் தூக்கி மற்றதன்மேல் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் கவனிக்குமுன்பே அம்மா கவனித்துவிட்டாள். சிக்னல் விழ நேரமிருந்தது. எழுந்துபோய் அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள்.

“தும்முனா நனையுதா கண்ணு?” என்று கேட்டாள்.